பிள்ளை வளர்ந்தால், துணை வந்தால், காசு குறைந்தால்: பிரிட்டனில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் இருந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி சொல்ல, அம்மாக்கள் மண்ணிற உறைகளோடும் போனோடும் வந்து உட்காருவார்கள். அப்பாக்களும் ஓரிருவர் வருவார்கள். நானும் தனியாகப் பிள்ளை வளர்த்தவள்தான். ஒரே சந்தேகங்களை வாரா வாரம் கேட்டுக் கேட்டு, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கீழே உள்ள தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான வருடத்துக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், கணக்குப் போடும் முறை பெரும்பாலும் மாறாது. சொல்வது இங்கிலாந்தைப் பற்றி. சைல்ட் பெனிஃபிட் என்பது பிள்ளை வளர்ப்பவருக்கு அரசு தருகிற காசு. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தருகிற யுனிவர்சல் கிரெடிட்டை நாங்கள் பேசுகிற மாதிரியே யூசி என்று எழுதுகிறேன்.

பிள்ளைக்கு 16 வயசாகுது. சைல்ட் பெனிஃபிட் நிண்டிடுமோ?

பிறந்த நாளன்றே நிற்காது. 16 வயது முடிந்த பிறகு வருகிற ஆகஸ்ட் 31 வரை எப்படியும் வரும். அதற்குப் பிறகும் பிள்ளை ஏ லெவல், டி லெவல், பிடெக் (BTEC என்ற தொழிற்கல்வி, பட்டப்படிப்பு அல்ல) என்று பள்ளியிலோ காலேஜிலோ முழுநேரமாகப் படித்தால் 20 வயது வரை தொடரலாம். ஆனால் தானாகத் தொடராது. வரித் துறையான எச்எம்ஆர்சி ஒரு கடிதம் போடும். பிள்ளை தொடர்ந்து படிக்கிறது என்று நீங்கள் ஆன்லைனில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிட்டு அக்டோபரில் வருகிறவர்கள்தான் அதிகம். பிந்திச் சொன்னாலும் திரும்பத் தொடங்குவார்கள், பயப்பட வேண்டாம். மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண்ட், மற்றப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 17.25. இடையில் சில வாரம் இல்லாமல் போனால் வீட்டில் தெரியும்.

சைல்ட் பெனிஃபிட் ஓடுது எண்டால் யூசியிலயும் பிள்ளைக் காசு ஓடும்தானே?

பெரும்பாலும் ஓடும், எப்போதும் அல்ல. இரண்டையும் இரண்டு இடங்கள் நடத்துகின்றன: சைல்ட் பெனிஃபிட்டை எச்எம்ஆர்சி, யூசியை வேலை, ஓய்வூதியத் துறையான டிடபிள்யூபி. ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியும் என்று நினைக்கக் கூடாது. இரண்டு இடமும் சொல்லுங்கள்.

விதியும் ஒன்றல்ல. சைல்ட் பெனிஃபிட் 20ஆவது பிறந்த நாள் வரை போகலாம். யூசியில் பிள்ளைக் காசு 19 வயது முடிந்த பிறகு வரும் ஆகஸ்ட் 31 உடன் முடிந்துவிடும், பிள்ளை இன்னும் காலேஜில் இருந்தாலும் சரி. ஒரு வருடம் திருப்பிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது இடிக்கும். 18 வயதில் ஜூனோடு படிப்பு முடிந்த பிள்ளைக்கு சைல்ட் பெனிஃபிட் ஆகஸ்ட் 31 வரை வரும். யூசிக்கோ காலேஜில் பதிவு எந்த நாளில் முடிகிறது என்பது முக்கியம். அந்த நாளை ஜேர்னலில் (யூசியின் ஆன்லைன் கணக்கில் அவர்களுக்குச் செய்தி எழுதும் இடம்) எழுதிவிட்டு, எந்த மாத ஸ்டேட்மென்டில் பிள்ளைக் காசு இல்லாமல் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் யூனிக்குப் போறாள். எனக்கு எவ்வளவு குறையும்?

இந்தக் கேள்விக்குத்தான் முகம் மாறாமல் பதில் சொல்லக் கஷ்டம். பிள்ளைக் காசு மட்டும்தான் போகும் என்று நினைத்து வருவார்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்கு போகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு அம்மா, ஒரே மகள், மகள் 2017 ஏப்ரலுக்கு முன் பிறந்தவள். கையில் வரும் சம்பளம் மாதம் 1,300 பவுண்ட். வாடகைக்கு யூசி 1,000 பவுண்ட் கணக்கில் எடுக்கிறது. அம்மாவுக்கான அடிப்படைத் தொகை 400.14, மகளுக்கு 339, வாடகை 1,000. மொத்தம் 1,739.14. சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொட மாட்டார்கள். மிச்சம் 889. அதில் நூற்றுக்கு 55 வீதம் 488.95 கழிப்பார்கள். கையில் வரும் யூசி 1,250.19.

மகள் கணக்கிலிருந்து போன பிறகு: 400.14, வாடகை 1,000, மொத்தம் 1,400.14. இப்போது அந்த 411 சலுகையும் இல்லை. 1,300 முழுவதிலும் 55 வீதம், அதாவது 715 கழியும். யூசி 685.14. குறைந்தது 565.05. இதோடு சைல்ட் பெனிஃபிட் மாதக் கணக்கில் 112.88 போகும். ஆக மாதம் 677.93 பவுண்ட்.

வாடகை அப்படியே இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. தனியார் வீட்டில் இருந்து, மகள் வேறு ஊருக்குக் குடிபோய் வீட்டில் ஆளாகவே கணக்கில் வராவிட்டால், இரண்டு அறைக்கு எடுத்த வாடகைத் தொகை ஒரு அறைக்கு இறங்கும். கவுன்சில் (உள்ளூராட்சி) அல்லது ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் அமைப்பு) வீடு என்றால் வெறும் அறை ஒன்றுக்கு 14 வீதமும், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 வீதமும் குறைப்பார்கள்.

அந்த 411 பவுண்ட் என்னது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

யாரும் சொல்வதில்லை, அதுதான் பிரச்சினை. அதன் பெயர் வொர்க் அலவன்ஸ். வீட்டில் பிள்ளை இருப்பவர்களுக்கும், உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்கள் என்று டிடபிள்யூபி ஏற்றுக்கொண்டவர்களுக்கும்தான் உண்டு. யூசியில் வாடகை வருகிறவர்களுக்கு மாதம் 411, வராதவர்களுக்கு 684. கடைசிப் பிள்ளை கணக்கிலிருந்து போன மாதமே அதுவும் போகும். ஸ்டேட்மென்டில் "இதை நிறுத்திவிட்டோம்" என்று பெரிதாக எழுத மாட்டார்கள். சம்பளக் கழிவு என்ற வரியில் எண் மட்டும் கூடியிருக்கும். வேலை செய்கிற, யூசியில் வாடகையும் வருகிற அம்மாவுக்கு அது மட்டுமே 226 பவுண்ட் வரை இழப்பு.

"சரி, கூட வேலை செய்கிறேன்" என்பார்கள். செய்யலாம், ஆனால் கூட உழைக்கும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் கையில் நிற்பது 45 தான். மேலே சொன்ன அம்மா பழைய நிலைக்கு முழுதாக வர வேண்டுமென்றால் மாதம் 1,300 பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் கையில் வர வேண்டும். இன்னொரு முழுநேர வேலை மாதிரி. அதனால் உழைப்பைக் கூட்டுவதற்கு முன் செலவு எங்கே குறைகிறது என்று பாருங்கள். பிள்ளை போன வீட்டில் சாப்பாடு, பஸ், போன் எல்லாம் குறையும்.

வெட்டு எந்த மாதக் காசில தெரியும்?

யூசி மாதாமாதம் ஒரே நாளில் தொடங்கி முடிகிற ஒரு காலத்துக்குக் கணக்குப் பார்க்கிறது. அந்தக் காலத்துக்குள் எந்த நாளில் மாற்றம் வந்தாலும், முழு மாதமும் மாறியதாகவே எடுக்கும். நாட்கணக்குப் பிரித்துத் தர மாட்டார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். என் கணக்குக் காலம் 9ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 8ஆம் தேதி வரை. மூத்தவள் ஒரு வருடம் திருப்பிப் படித்தாள், ஜனவரியில் 19 முடிந்தது. ஆகஸ்ட் 31 வரை காசு வரும், செப்டம்பர் 15இல் வருவது ஆகஸ்ட் மாதத்துக் காசுதானே என்று நினைத்திருந்தேன். செப்டம்பர் 1ஆம் தேதி எனது ஆகஸ்ட் 9 முதல் செப்டம்பர் 8 வரையான காலத்துக்குள் விழுந்தது. முழுக் காலத்துக்கும் அவள் இல்லை என்றாகிவிட்டது. 15ஆம் தேதி காலை பஸ்ஸில் நின்றபடி பேங்க் ஆப்பைத் திறந்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். அதே எண்தான். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

ஆகவே உங்கள் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று ஜேர்னலில் பாருங்கள். அது முடிந்து ஏழு நாளில் காசு வரும். குறைவு எந்தத் தேதிக் காசில் விழும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே சமையலறைக் கலண்டரில் வட்டம் போடலாம். தேதி முன்பே தெரிகிற ஒரே கஷ்டம் இது. அந்த ஒரு வருடத்தில் மாதம் 50 பவுண்ட் எடுத்து வைத்தால் முதல் மாத அடியாவது தாங்கும்.

மகளுக்கு யூனி லோன் வந்தால் அதையும் என்ர வருமானம் எண்டு எடுப்பினமோ?

இல்லை. அது மகளின் காசு. அவள் அதில் உங்களுக்குச் சாப்பாட்டுக்கோ வாடகைக்கோ ஏதாவது தந்தாலும் யூசியில் உங்கள் வருமானமாக எடுக்க மாட்டார்கள்.

லோன் எவ்வளவு என்பது வீட்டு வருமானத்தைப் பொறுத்தது. அம்மாவும் அப்பாவும் பிரிந்திருந்தால் பிள்ளை பெரும்பாலும் யாரோடு இருக்கிறதோ அவருடைய வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள், அவரோடு துணை யாராவது வாழ்ந்தால் அவருடையதையும். அப்பாவின் சம்பளத்தைப் போட்டுப் பாதி லோனோடு நிற்கிற பிள்ளையைக் கண்டிருக்கிறேன். வருமானம் 25,000 அல்லது அதற்குக் குறைவு என்றால் முழு லோன்: வீட்டிலிருந்து படித்தால் வருடம் 8,877, லண்டனுக்கு வெளியே தங்கிப் படித்தால் 10,544, லண்டனில் தங்கிப் படித்தால் 13,762 பவுண்ட்.

மகன் யூனிக்குப் போகேல்ல. அப்ரண்டிஸ்ஷிப் எடுக்கிறான். அதுவும் படிப்புத்தானே?

அப்ரண்டிஸ்ஷிப் என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் படிப்பது. எங்களுக்குப் படிப்பு, அவர்களுக்கு வேலை. அப்ரண்டிஸ் ஆனதும் சைல்ட் பெனிஃபிட்டும் யூசிப் பிள்ளைக் காசும் நிற்கும், 16 வயதென்றாலும். கடைசிப் பிள்ளை அவன்தான் என்றால் மேலே சொன்ன வொர்க் அலவன்ஸும் போகும்.

இதைக் கேட்டு "அப்போ வேண்டாம், காலேஜுக்கே போ" என்று மகனை மறித்த அம்மாவும் உண்டு. கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்ரண்டிஸின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.55 பவுண்ட். வாரம் 37 மணி நேரம் என்றால் 279 பவுண்ட். குடும்பமாகப் பார்த்தால் காசு குறையவில்லை, அம்மாவின் கணக்கிலிருந்து மகனின் கணக்குக்கு மாறியிருக்கிறது. 17 வயதுப் பையனிடம் "மாதம் இவ்வளவு வீட்டுக்குத் தா" என்று கேட்பதுதான் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். முதல் சம்பளத்துக்கு முன்பே கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் சண்டை வரும்.

தனியாக இருக்கிறதுக்குக் கவுன்சில் டாக்ஸில 25 வீதம் குறைச்சுத் தருகினம். மகனுக்கு 18 ஆனால் அது போகுமோ?

கவுன்சில் டாக்ஸ் என்பது வீட்டுக்காகக் கவுன்சில் வாங்கும் வரி, கணக்கில் வரும் பெரியவர் வீட்டில் ஒருவர் மட்டும் என்றால் 25 வீதம் குறையும். 18 ஆனதாலேயே அது போகாது. சைல்ட் பெனிஃபிட் ஓடிக்கொண்டிருக்கும் 18, 19 வயதுப் பிள்ளையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முழுநேர மாணவரையும் எடுக்க மாட்டார்கள், யூனியிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்பினால் போதும். வாரம் 195 பவுண்டுக்கு மேல் வாங்காத அப்ரண்டிஸையும் எடுப்பதில்லை. மேலே சொன்ன 279 பவுண்ட் பையன் 18 முடிந்தால் கணக்கில் வருவான்.

அதிகம் தெரியாத ஒன்று: 20 வயதுக்கு உட்பட்ட பிள்ளை மே 1க்கும் அக்டோபர் 31க்கும் இடையில் படிப்பை விட்டால், நவம்பர் 1 வரை அவரைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஜூனில் பரீட்சை முடிந்த உடனே சலுகையைத் தூக்கிய கவுன்சிலோடு ஒருமுறை மல்லுக்கட்டி அதைத் திரும்ப வாங்கினோம். வருட பில் 1,900 பவுண்ட் என்றால் 25 வீதம் என்பது 475. மல்லுக்கட்டலாம்.

மகன் படிப்பு முடிச்சு வேலை இல்லாமல் வீட்டில. 21 ஆகப் போகுது. ஏதும் வெட்டுவினமோ?

வாடகையில் வெட்டுவார்கள். 21 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் உங்களோடு இருந்தால், அவர் வாடகைக்குப் பங்கு தருகிறார் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டு மாதம் 93.02 பவுண்டைக் கழிப்பார்கள். அவர் தருகிறாரா இல்லையா என்று கேட்க மாட்டார்கள். உங்களுக்கோ அவருக்கோ பிஐபியில் (நோய் அல்லது இயலாமை உள்ள, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான உதவித்தொகை) அன்றாட வாழ்க்கைக்கான பகுதி கிடைத்தால் கழிக்க மாட்டார்கள், இன்னும் சில விலக்குகளும் உண்டு.

வேலை இல்லாத மகன் 18க்கு மேல் என்றால் தன் பெயரில் யூசி கேட்கலாம். 25 வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 316.98. "அரசாங்கக் காசு எடுக்கிறான் என்று சொல்லுவினம்" என்று கூச்சப்படுகிறார்கள். அந்தப் பணத்திலிருந்துதான் அந்த 93ஐத் தரச் சொல்ல வேண்டும்.

அம்மா ஊரிலயிருந்து வந்து ஆறு மாசம் நிற்கப்போறா. சொல்லவேணுமோ?

விசிட் விசாவில் வந்து திரும்பிப் போகிறவர் உங்கள் வீட்டைத் தன் வீடாகக் கொண்டவர் அல்ல. 25 வீதச் சலுகை போகாது. நிரந்தரமாக வந்து குடியேறினால் கதை வேறு, அப்போது கவுன்சிலுக்கும் யூசிக்கும் சொல்ல வேண்டும்.

ஒருத்தரோட பழகிறன். கிழமைக்கு மூண்டு இரவு வரை நிண்டால் பிரச்சினை இல்லை எண்டு சொல்லினம். உண்மையோ?

அப்படி ஒரு விதியே இல்லை. எந்தச் சட்டத்திலும் இரவுக் கணக்கு கிடையாது. இருவரும் ஒரே வீட்டில் கணவன் மனைவி போல வாழ்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள்: அவருக்கு வேறு வீடு இருக்கிறதா, கடிதங்கள் எங்கே வருகின்றன, செலவு யாருடையது, பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள், ஊருக்கு உங்களை எப்படித் தெரியும். இரண்டு இரவு வந்தாலும் சேர்ந்து வாழ்பவர்கள் என்று சொல்லலாம், ஐந்து இரவு வந்தாலும் இல்லை என்று நிரூபிக்கலாம். சந்தேகமென்றால் முடிவெடுக்கும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்தில் கேளுங்கள்.

சேர்ந்து வாழத் தொடங்கினால் யூசி கூட்டுக் கணக்காகும். அடிப்படைத் தொகை 400.14லிருந்து 628.10 ஆகக் கூடும். ஆனால் அவருடைய சம்பளமும் சேமிப்பும் உள்ளே வரும், வொர்க் அலவன்ஸ் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். அவர் கையில் மாதம் 1,800 வாங்குகிறார் என்றால் 990 கழியும், கூடுவது 228. உங்கள் யூசி 762 பவுண்ட் குறையும். அவர் வருடம் 60,000க்கு மேல் உழைப்பவர் என்றால் உங்கள் சைல்ட் பெனிஃபிட்டுக்காக அவர் வரி கட்ட வேண்டி வரும், 80,000 ஆகும்போது முழுவதும் திரும்பப் போய்விடும்.

என் அனுபவத்தில் இங்கே உடைவது கணக்கு அல்ல, உறவு. இதுவரை உங்கள் பெயரில் வந்த காசு நின்று, இனி அவரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்ற நிலை. வீட்டுக்கு வரும் முன் வாடகை யார், சாப்பாடு யார் என்று பேசுங்கள். யூசி யாருடைய பேங்க் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் பேசி, முடிந்தால் உங்கள் கணக்கையே கொடுங்கள்.

கோயிலில தாலி கட்டினது மட்டும்தான், ரெஜிஸ்டர் பண்ணேல்ல. அப்ப நான் இன்னும் சிங்கிள்தானே?

சேர்ந்து வாழ்ந்தால் சிங்கிள் இல்லை. முந்தைய பதிலே இதற்கும். ரெஜிஸ்டர் என்பது ஒரு காகிதம், அவர்கள் பார்ப்பது வீட்டை.

மறுபக்கமும் உண்டு. ரெஜிஸ்டர் செய்துவிட்டு, விசா வரும் வரை அவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், இதுவரை இங்கே சேர்ந்து வாழவில்லை என்றால், யூசியில் நீங்கள் இன்னும் தனி ஆள்தான். அவர் ஸ்பவுஸ் விசாவில் வந்து இறங்கிய நாளில் சொல்ல வேண்டும். அந்த விசாவில் பொதுப்பணம் எடுக்க அனுமதி இருக்காது, அதனால் அடிப்படைத் தொகை உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் வரும். ஆனால் அவருடைய சம்பளமும் சேமிப்பும் கணக்கில் வரும். கவுன்சில் டாக்ஸ் 25 வீதமும் போகும். கூடுவது ஒன்றும் இல்லை, குறைவது மட்டும்தான் என்பதால் வேலை கிடைக்கும் வரையான முதல் மாதங்களுக்குக் காசு ஒதுக்கி வையுங்கள். விசா சம்பந்தமான எதையும் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடமே கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

மகன் அப்பாவோட போய் இருக்கப் போறன் எண்டு நிற்கிறான். காசும் அவரோட போகுமோ?

பிள்ளை யாரோடு அதிகம் இருக்கிறதோ அவருக்கே காசு. சரிபாதி என்றாலும் ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் எடுக்கலாம், பிரித்துத் தர மாட்டார்கள். இருவரும் பேசி முடிவெடுக்காவிட்டால் சைல்ட் பெனிஃபிட்டை எச்எம்ஆர்சியும், யூசியை டிடபிள்யூபியும் தீர்மானிக்கும். இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒருவர் பேரில் எடுக்கலாம். அப்படிச் செய்தால் இருவருக்கும் வொர்க் அலவன்ஸ் தங்கும்.

அப்பா தருகிற பராமரிப்புக் காசை யூசி வருமானமாக எடுப்பதே இல்லை, ஒரு பென்னிகூட. "வாங்கினால் வெட்டுவார்கள்" என்று பயந்து கேட்காமல் இருந்தவர்களை நினைத்தால் வயிறெரிகிறது. இந்தக் காசைக் கணக்கிடும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸின் கணக்கில், வரிக்கு முந்தைய வாரச் சம்பளம் 200க்கும் 800க்கும் இடையில் என்றால் ஒரு பிள்ளைக்கு 12 வீதம், இரண்டுக்கு 16, மூன்றுக்கும் மேலும் 19. பிள்ளை அவரோடு இரவு தங்குவதைப் பொறுத்துக் குறையும். கவனிக்க: இந்தக் காசு சைல்ட் பெனிஃபிட்டோடு பிணைந்தது. அது நிற்கும் நாளில் இதைத் தர வேண்டிய கட்டாயமும் நிற்கும். மேலே போட்ட 677 கணக்கில் நான் இதைச் சேர்க்கவில்லை.

பிள்ளைக்கு டிஎல்ஏ வருது. 16 ஆனால் பிஐபிக்கு மாத்தச் சொல்லிக் கடிதம். விட்டால் என்ன?

விடவே கூடாது. குறைவதில் இதுதான் பெரியது. டிஎல்ஏ என்பது இயலாமை உள்ள, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான உதவித்தொகை, அதன் உயர்ந்த பராமரிப்புத் தொகை வாரம் 110.40. அதை வைத்து யூசியில் மாதம் 495.87 வரும், நீங்கள் வாரம் 35 மணி நேரம் பார்த்துக்கொள்வதால் 201.68 வரும். பிஐபி மறுக்கப்பட்டால் மூன்றும் சேர்ந்து விழும். பிஐபிக்குக் கடிதத்தில் சொன்ன தேதிக்குள் விண்ணப்பித்தால், முடிவு வரும் வரை டிஎல்ஏ ஓடும்.

படிவத்தில் எங்கள் ஆட்கள் செய்கிற தவறு, பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் எழுதுவது. "தானாகச் சாப்பிடுவான்" என்று எழுதுவார்கள். பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக் கொடுப்பதை எழுத மாட்டார்கள். அதைத்தான் எழுத வேண்டும். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதுவும் சரிவராவிட்டால் டிரிபியூனல் என்ற மேல்முறையீட்டு மன்றம்.

பெனிஃபிட் கேப் எண்டு ஒண்டு சொல்லினம்?

மொத்தமாக இவ்வளவுதான் தருவோம் என்ற வரம்பு. லண்டனில் பிள்ளையோடு இருப்பவருக்கு மாதம் 2,110.25, பிள்ளை கணக்கில் இல்லாத தனி ஆளுக்கு 1,413.92. லண்டனுக்கு வெளியே 1,835ம் 1,229.42ம். கடைசிப் பிள்ளை போகும்போது வரம்பும் இறங்குவதால் வாடகை அதிகமான வீடுகளில் மாட்டுவார்கள். மாதம் 846 பவுண்டும் அதற்கு மேலும் கையில் வரும்படி உழைத்தால் வரம்பு பொருந்தாது.

நாலு மாசமாகச் சொல்லாமல் விட்டிட்டன். இப்ப சொன்னால் பிடிப்பினமோ?

காசைத் திரும்பக் கேட்பார்கள். யூசியில் கூடுதலாக வந்த காசு உங்கள் தவறாக இருந்தாலும் அவர்கள் தவறாக இருந்தாலும் திரும்பக் கட்ட வேண்டியதுதான். கவனக்குறைவு என்றால் 50 பவுண்ட் அபராதமும் போடலாம். இன்றைக்கே ஜேர்னலில் எழுதுங்கள். நீங்களாகச் சொன்னது ஒன்று, அவர்கள் கண்டுபிடித்தது இன்னொன்று. நாலு மாதம் எட்டாகும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

2025 ஏப்ரல் கடைசியிலிருந்து இப்படிப்பட்ட கடன்களுக்கு மாதம் அடிப்படைத் தொகையில் 15 வீதத்துக்கு மேல் பொதுவாகப் பிடிப்பதில்லை, தனி ஆளுக்குச் சுமார் 60 பவுண்ட். அதுவும் தாங்காது என்றால் டெட் மேனேஜ்மென்ட் பிரிவுக்குப் போன் செய்து குறைக்கச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், தருவார்கள். போனில் பத்து வயது மகளைக் கதைக்க விடாதீர்கள்.

எல்லாம் சரி அக்கா, இந்த மாசம் வாடகைக்கே காணாது. என்ன செய்ய?

முதலில் வீட்டுக்காரருக்கோ ஹவுசிங் அசோசியேஷனுக்கோ வாடகை தவறும் முன் சொல்லுங்கள். அப்புறம் கவுன்சில். வாடகைக்கு உதவி கேட்கலாம், 2026 மார்ச் வரை அதன் பெயர் டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட். இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து அந்த உதவி கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற பெயருக்குள் வருகிறது. "பிள்ளை கணக்கிலிருந்து போனதால் வருமானம் இவ்வளவு குறைந்தது, சிறிய வீடு தேடுகிறேன் அல்லது வேலை நேரம் கூட்டுகிறேன், அதுவரை இத்தனை மாதம் வேண்டும்" என்று எண்ணோடு எழுதுங்கள். "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிய விண்ணப்பங்கள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வருமானம் குறைந்ததால் கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் கூடலாம், அது 25 வீதச் சலுகை அல்ல, வேறு. தனியாகக் கேட்க வேண்டும். யூசியில் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் கம்பெனிகளும் தண்ணீர்க் கம்பெனிகளும் குறைந்த கட்டணத் திட்டம் வைத்திருக்கின்றன, போன் செய்து கேட்டால்தான் சொல்வார்கள். கடன்காரர்கள் நெருக்கினால் பிரீத்திங் ஸ்பேஸ் என்று 60 நாள் ஓய்வு உண்டு, கடன் ஆலோசகர் மூலம்தான் கேட்க முடியும். தனிப் பெற்றோருக்கென்றே ஜிஞ்சர்பிரெட் என்ற தொண்டு நிறுவனமும் இருக்கிறது.

யூசி தரும் பட்ஜெட்டிங் அட்வான்ஸ் வட்டியில்லாக் கடன். பிள்ளை உள்ளவருக்கு 812 பவுண்ட் வரை, இல்லாத தனி ஆளுக்கு 348. கடந்த ஆறு மாதத்தில் 2,600 பவுண்டுக்குக் குறைவாக உழைத்தவருக்குத்தான் கிடைக்கும் என்பதால், வேலை செய்கிற பலருக்கு இது சரிவராது.

சீட்டுக் காசும் நகையும் ஊர்க் காணியும் இருக்கு. அதுகளையும் சொல்லவேணுமோ?

யூசியில் சேமிப்பு 6,000 வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 கழிப்பார்கள். 16,000ஐத் தாண்டினால் யூசியே இல்லை. துணை வந்தால் இருவருடையதும் சேர்த்து, அதே 16,000தான்.

போட்டுக்கொள்கிற நகை உங்கள் சொந்தப் பொருள், அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சீட்டு எடுத்து 10,000 பவுண்ட் பேங்கில் கிடந்தால் அது சேமிப்பு. பெயரில் உள்ள ஊர்க் காணி நீங்கள் குடியிருக்காத சொத்து என்பதால் அதன் பெறுமதியும் கணக்கில் வரும், வெளிநாட்டில் இருந்தாலும். அப்பா இறந்து கோண்டாவிலில் நாலு பரப்பு மகள் பெயருக்கு மாறியது என்று ஒருவர் கடந்த மாதம் சந்தோஷமாக வந்து சொன்னார். உறுதியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் காட்டினார். இருவருமாக உட்கார்ந்து அதை எப்படி ஜேர்னலில் எழுதுவது என்று பார்த்தோம். விலை மதிப்பீட்டுக் கடிதம் ஊரிலிருந்து வரக் காத்திருக்கிறோம்.